பிணத்தின் சாட்சியைக் கேட்ட நீதிபதி

சீன தேசத்தில் ஒரு கிராமம். கொளுத்தும் கோடைக்காலம். சாலை ஓரத்தில் ஒருவன் பிணமாகக் கிடந்தான். உடம்பில் பத்துக்கும் மேற்பட்ட வெட்டுக் காயங்கள். எல்லாம் கதிர் அரிவாளால் வெட்டியவை.

வழிப்பறித் திருடர்கள்தான் கொன்றிருக்க வேண்டும் என்று முதலில் எல்லோரும் நினைத்தார்கள். விசாரணைக்கு வந்த அதிகாரி உடலைச் சோதித்தார். துணிமணிகள் அப்படியே இருந்தன. பொருள் ஒன்றும் களவு போகவில்லை. திருடன் என்றால் பொருளை அல்லவா எடுத்துக்கொண்டு போவான்? இத்தனை வெட்டு வெட்டியவன் பகைவனாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார்.

இறந்தவனுடைய மனைவியைத் தனியாக அழைத்து விசாரித்தார். தன் கணவனுக்கு விரோதிகள் யாரும் இல்லை என்றாள் அவள். சில நாட்களுக்கு முன் கடன் விஷயமாக ஒருவன் வந்தான், காரியம் நடக்கவில்லை, நாள் குறித்துப் பேசிவிட்டுப் போனான் என்று மட்டும் சொன்னாள். அந்த ஆள் இருக்கும் இடத்தை அதிகாரி மனத்தில் குறித்துக்கொண்டார். வெளியே ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு அக்கம் பக்கத்தில் உள்ளவர்களுக்கு ஓர் உத்தரவு போட்டார். ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும் எல்லா அரிவாள்களையும் உடனே கொண்டுவர வேண்டும். ஒளித்து வைப்பவனே கொலைகாரன் என்று கருதப்படுவான்.

எழுபது எண்பது அரிவாள்கள் வந்து சேர்ந்தன. அவற்றைத் தரையில் வரிசையாகப் பரப்பி வைத்தார்கள். அதிகாரி பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றார். சற்று நேரத்தில் எங்கிருந்தோ ஈக்கள் பறந்து வந்தன. எல்லா அரிவாள்களையும் விட்டுவிட்டு ஒரே ஓர் அரிவாளின் மேல் மட்டும் மொய்த்தன.

அந்த அரிவாள் யாருடையது? கடன் விஷயமாக வந்து போனவனுடையது! அவன் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. மற்ற அரிவாள்களில் ஈ இல்லை, உன் அரிவாளில் மட்டும் ஏன் மொய்க்கிறது என்று அதிகாரி கேட்டார். அரிவாள் கண்ணுக்குச் சுத்தமாகத்தான் தெரிந்தது. ஆனால் ரத்த வாடை போகவில்லை. கூடியிருந்தவர்கள் வியந்து நின்றார்கள். கொலைகாரன் தரையில் தலை பதித்துக் குற்றத்தை ஒப்புக்கொண்டான்.

இந்தச் சம்பவம் 1247ஆம் ஆண்டில் எழுதப்பட்ட ஒரு சீன நூலில் இருக்கிறது. அந்த அதிகாரி யார் என்று நூல் சொல்லவில்லை. நூலை எழுதியவரே அந்த அதிகாரி என்று பின்னால் பலர் நினைத்துக்கொண்டார்கள். ஆனால் அவர் அந்தப் பெருமையைத் தனக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் பெயர் சோங் சி. இறந்த உடலைப் பார்த்து உண்மையை அறியும் வித்தையை முறைப்படி எழுதி வைத்தவர். இன்று நமக்குக் கிடைத்திருக்கும் இத்தகைய முழு நூல்களில் அவருடையதே மிகப் பழமையானது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

நாற்பது வயதில் உத்தியோகம்

சோங் சி 1186ஆம் ஆண்டில் பிறந்தார். சீனாவின் தென்கிழக்கே கடலோரமாக உள்ள பூஜியான் மாகாணத்தில் ஜியான்யாங் என்பது அவருடைய ஊர். தகப்பனார் குவாங்சௌ நகரத்தில் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர்.

அப்போது சீனாவின் வடபாதி அந்நியர் கையில் இருந்தது. தென்பாதியைச் சோங் வம்சத்து அரசர்கள் ஆண்டார்கள். இன்று ஹாங்சௌ என்று சொல்லப்படும் ஊரே அவர்களுடைய தலைநகரம். சர்க்கார் உத்தியோகம் வேண்டுமானால் கடினமான பரீட்சைகள் தேற வேண்டும். பலர் தலை நரைக்கும் வரை எழுதிக்கொண்டே இருப்பார்கள்.

சோங் சி தலைநகரத்துக் கல்விச்சாலையில் படித்தார். 1217இல் மிக உயர்ந்த பரீட்சையில் தேறினார். உடனே ஒரு பதவியும் கிடைத்தது. ஆனால் அந்தச் சமயத்தில் தகப்பனார் நோயில் விழுந்தார். பிறகு காலமானார். பிள்ளை பதவியை ஏற்கப் போகவில்லை. ஊரிலேயே தங்கிவிட்டார். அவர் முதல் உத்தியோகத்தில் அமர்ந்தது 1226இல்தான். அப்போது அவருக்கு வயது நாற்பது.

தாமதமாக வந்தாலும் அவர் சும்மா இருக்கவில்லை. ஓரிடத்தில் கலகம் மூண்டது. படையோடு போன சோங் சி முதலில் செய்த காரியம் என்ன? பட்டினி கிடந்த கிராமங்களுக்கு உணவு கொடுத்தார். வயிறு நிறைந்தவன் கலகக்காரனோடு சேரமாட்டான் என்பது அவருக்குத் தெரியும்.

சாங்டிங் என்ற மலைநாட்டு ஊரில் உப்பு விலை ஏழைகளுக்கு எட்டவில்லை. பூசௌ நகரத்திலிருந்து ஆற்றை எதிர்த்து உப்பு வந்து சேர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. சோங் சி வேறு வழியைக் கண்டுபிடித்தார். தெற்கே சாவோசௌ துறைமுகத்திலிருந்து வேறோர் ஆற்றின் வழியாக உப்பைக் கொண்டுவரச் செய்தார். போகவர மூன்று மாதம்தான். ஏழைகளுக்குக் குறைந்த விலையில் உப்புக் கிடைத்தது.

இன்னோர் ஊரில் பஞ்சம். குடும்பங்களை ஐந்து வகுப்பாகப் பிரித்தார். மிகப் பணக்காரர்கள் தங்கள் தானியத்தில் ஒரு பாதியை இலவசமாகக் கொடுக்க வேண்டும், மறு பாதியை விற்க வேண்டும். பரம ஏழைகளுக்கு எல்லாமே இலவசம். நடுவில் உள்ளவர்களுக்கு அவரவர் நிலைக்குத் தக்கபடி ஏற்பாடு.

எந்த ஊருக்குப் போனாலும் அவர் நேரில் பார்த்துத்தான் முடிவு செய்வார். இந்தப் பழக்கமே பின்னால் அவருக்கு அழியாப் புகழைத் தேடித் தந்தது.

சிறையில் காத்திருந்தவர்கள்

1239இல் குவாங்டுங் மாகாணத்தின் நீதி விசாரணை அதிகாரியாக அவர் நியமிக்கப்பட்டார். அங்கே போய்ப் பார்த்தால் சிறைகள் நிரம்பி வழிந்தன. பல கைதிகள் விசாரணை முடியாமலே வருஷக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார்கள். யார் குற்றவாளி, யார் நிரபராதி என்று பார்க்க அதிகாரிகளுக்கு நேரம் இல்லை.

சோங் சி கெடு வைத்தார். எட்டே மாதத்தில் மரண தண்டனைக்கு உரிய 200க்கும் மேற்பட்ட கைதிகளின் வழக்குகள் முடிவுக்கு வந்தன.

அந்த வழக்குக் கட்டுகளைப் படித்தபோது அவருக்கு ஓர் உண்மை புலப்பட்டது. தவறு நீதிமன்றத்தில் ஆரம்பிப்பதில்லை. பிணம் கிடந்த இடத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது! முதல் விசாரணையில் மயிரிழை பிசகினால் போதும். அந்தப் பிசகு வளர்ந்து வளர்ந்து ஒரு நிரபராதியின் கழுத்தில் போய் முடிகிறது.

ஏன் பிசகு நேர்ந்தது? அக்காலத்து அதிகாரிகள் இலக்கியம் படித்துப் பரீட்சை தேறியவர்கள். பிணத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள். நாற்றத்துக்கும் தீட்டுக்கும் பயந்து தூரத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். உடலைப் புரட்டிப் பார்ப்பவர்கள் கூலிக்கு வரும் வெட்டியான்கள். எழுதுபவர்கள் குமாஸ்தாக்கள். இவர்களில் யாராவது கைக்கூலி வாங்கிவிட்டால் காயம் மறைந்துவிடும். அல்லது இல்லாத காயம் முளைத்துவிடும். அதிகாரி கேட்டதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுவார். ஒருவன் தலை போகும்.

சட்டத்தில் குறை இல்லை. உத்தரவு கிடைத்த நான்கு மணி நேரத்துக்குள் அதிகாரி புறப்பட வேண்டும். இரவு நேரம் மட்டும் கணக்கில் சேராது. தாமே நேரில் பார்க்க வேண்டும். மரணத்தின் காரணத்தை நிச்சயமாகச் சொல்ல வேண்டும். தவறினால் அவருக்கே தண்டனை உண்டு. முதல் அதிகாரி பார்த்த பிறகு வேறோர் அதிகாரி வந்து இரண்டாம் முறை பார்க்க வேண்டும். இருவரும் சந்தித்துப் பேசிக்கொள்ளக் கூடாது. உடலின் முன்பக்கமும் பின்பக்கமும் வரைந்த படத்தாள்கள்கூட 1211இல் வழக்கத்துக்கு வந்துவிட்டன. காயம் இருக்கும் இடத்தை அந்தப் படத்தில் குறிக்க வேண்டும்.

எல்லாம் இருந்தது. பார்க்கத் தெரிந்த கண் மட்டும் இல்லை. அந்தக் கண்ணைக் கொடுக்கவே சோங் சி நூல் எழுதினார்.

உடல் காட்டும் கடிகாரம்

நான்கு முறை நீதி விசாரணைப் பதவி வகித்த அனுபவத்தோடு 1247இல் அவர் நூலை முடித்தார். அப்போது அவர் ஹூனான் மாகாணத்தில் இருந்தார். வயது அறுபத்தொன்று. நூலின் பெயர் சி யுவான் ஜி லு. அநீதியைக் கழுவித் துடைப்பதற்கான குறிப்புகளின் தொகுப்பு என்று அதற்குப் பொருள்.

உயிர் போன பிறகு உடல் எப்படி மாறுகிறது? அந்த நூலில் மிக முக்கியமான பகுதிகளில் இது ஒன்று.

பருவத்துக்குப் பருவம் வித்தியாசம் உண்டு என்று சோங் சி எழுதினார். வசந்த காலத்தில் இரண்டு மூன்று நாட்களில் முகத்திலும் வயிற்றிலும் மார்பிலும் தோல் லேசாகப் பச்சை நிறம் காட்டும். கோடையில் ஒன்றிரண்டு நாளிலேயே நிறம் மாறிவிடும், மூன்றாம் நாள் உடல் வீங்கிப் புழு வைக்கும். குளிர்காலத்தில் நான்கைந்து நாள் ஆனாலும் தோல் சற்று மஞ்சளாக மாறியிருக்கும், அவ்வளவுதான். கடுங்குளிரில் ஐந்து நாள் என்பது கடும் வெயிலில் ஒரு நாளுக்குச் சமம் என்று ஒரு கணக்கும் கொடுத்தார்.

அதோடு நிற்கவில்லை. பருத்தவரின் உடலும் இளையவரின் உடலும் சீக்கிரம் கெடும். மெலிந்தவரின் உடலும் முதியவரின் உடலும் மெதுவாகக் கெடும். வடக்கே ஒரு சீதோஷ்ணம், தெற்கே ஒரு சீதோஷ்ணம். மலைப் பிரதேசத்தில் வெயிலும் குளிரும் நிலையாக இருப்பதில்லை. ஆகையால் கணக்கை மட்டும் நம்பாமல் இடத்தையும் காலத்தையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று எச்சரித்தார்.

இன்றைய டாக்டர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். இதயம் நின்றவுடன் உடல் சூடு இறங்கத் தொடங்குகிறது. இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் தாடையும் கழுத்தும் விறைக்க ஆரம்பிக்கின்றன. சுமார் பன்னிரண்டு மணி நேரத்தில் உடல் முழுவதும் கட்டையாகிவிடுகிறது. பிறகு அந்த விறைப்பு மெல்ல மெல்லத் தளர்கிறது. குடலில் வாழும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் உடலை அரிக்கத் தொடங்குகின்றன. அதனால்தான் பச்சை நிறம் வயிற்றின் வலது கீழ்ப்பக்கத்தில் முதலில் தோன்றுகிறது. அந்தக் கிருமிகள் உண்டாக்கும் வாயுவே உடலை வீங்கச் செய்கிறது. வெப்பம் இதையெல்லாம் துரிதப்படுத்துகிறது. குளிர் தாமதப்படுத்துகிறது.

ஈயும் ஒரு கடிகாரமே. வெளியிடத்தில் கிடக்கும் உடலுக்குச் சில நிமிஷங்களிலேயே ஈக்கள் வந்துவிடும். கண், மூக்கு, வாய், காயம் ஆகிய இடங்களில் முட்டை இடும். வெயில் காலத்தில் ஒரே நாளில் முட்டை பொரிந்து புழுவாகும். புழுவின் வளர்ச்சியை அளந்து மரணம் நேர்ந்த காலத்தைக் கணக்கிடுவது இன்று தனி விஞ்ஞானமாகவே வளர்ந்திருக்கிறது. அந்த விஞ்ஞானத்தின் வரலாற்றை எழுதுபவர்கள் சோங் சியின் நூலில் உள்ள அரிவாள் கதையிலிருந்துதான் பெரும்பாலும் தொடங்குகிறார்கள்.

முதுகில் சிவப்பு: அடியா, அல்லவா?

உடல் மாற்றங்களை அறிவது நேரத்தைச் சொல்வதற்கு மட்டும் அல்ல. ஒரு மனிதனைத் தூக்கிலிருந்து காப்பதற்கும் அது வேண்டும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு வேலைக்காரன் இரவில் படுத்தவன் காலையில் எழுந்திருக்கவில்லை. உறவினர்கள் ஓடி வருகிறார்கள். உடலைப் புரட்டுகிறார்கள். முதுகு, இடுப்பு, தொடையின் பின்பக்கம் எல்லாம் சிவந்து கிடக்கிறது. எஜமான்தான் அடித்துக் கொன்றுவிட்டான் என்று கூக்குரல் எழுகிறது. ஊர் கூடுகிறது. விவரம் தெரியாத அதிகாரி வந்தால் என்ன எழுதுவார்? பலத்த அடியால் மரணம் என்றுதானே எழுதுவார்?

சோங் சி இதற்கு விடை எழுதி வைத்தார். மல்லாந்து கிடக்கும் பிணத்தில் கழுத்தின் பின்புறமும் முதுகும் கால்களின் பின்பக்கமும் லேசாகச் சிவந்திருப்பது சகஜம். ரத்தம் கீழ்ப்பக்கமாக இறங்கித் தங்குவதால் வரும் நிறம் அது. அடியும் அல்ல, வேறு காரணத்தால் வந்த மரணத்துக்கு அடையாளமும் அல்ல என்று தெளிவாகச் சொன்னார்.

இது எவ்வளவு பெரிய உண்மை! இதயம் நின்றால் ரத்த ஓட்டம் நின்றுவிடுகிறது. ஓடாத ரத்தம் பூமியின் ஈர்ப்பினால் பள்ளத்தில் தண்ணீர் தேங்குவதுபோல் கீழே தேங்குகிறது. இறந்து அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இந்த நிறம் தெரிய ஆரம்பிக்கும். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பிறகு பெரும்பாலும் நிலைத்துவிடும். இப்போது இதை வைத்தே, இறந்த பிறகு உடலை யாராவது புரட்டிப் போட்டார்களா, இடம் மாற்றினார்களா என்றுகூட டாக்டர்கள் சொல்லிவிடுகிறார்கள்.

பொய்க் காயங்களையும் அவர் விடவில்லை. ஒருவகை மரப்பட்டையை உடம்பில் வைத்துக் கட்டினால் தோல் கறுத்து அடிபட்டதுபோல் ஆகும். பகைவனை வழக்கில் மாட்டிவிடச் சிலர் பிணத்தின் மேல் இந்தத் தந்திரத்தைச் செய்வார்கள். நிஜ அடி என்றால் அந்த இடம் வீங்கிக் கெட்டியாக இருக்கும். பட்டையால் வந்த கறுப்பில் வீக்கம் இராது, விரலால் அழுத்தினால் கெட்டியாகத் தோன்றாது. இதைப் பார்க்க அதிகாரி என்ன செய்ய வேண்டும்? பக்கத்தில் போக வேண்டும். தொட்டுப் பார்க்க வேண்டும்!

நெருப்பும் நீரும்

ஒருவன் வீடு தீப்பற்றி எரிந்து, அவன் உள்ளே கருகிக் கிடக்கிறான். தீ விபத்தா? கொன்ற பிறகு தீ வைத்தார்களா? வாயையும் மூக்கையும் பார்க்கச் சொன்னார் சோங் சி. உயிரோடு எரிந்தவன் தப்பிக்கப் போராடியிருப்பான், வாயைத் திறந்து மூச்சு வாங்கியிருப்பான். ஆகவே சாம்பலும் புகைக்கரியும் உள்ளே போயிருக்கும். முன்பே இறந்தவன் மூச்சு விடமாட்டான். அவன் வாய்க்குள் புகைக்கரி இராது. இன்றும் டாக்டர்கள் மூச்சுக் குழாயில் கரி படிந்திருக்கிறதா என்று தேடுகிறார்கள்.

வெட்டுக் காயம் உயிர் இருக்கும்போது பட்டதா, பிறகு பட்டதா? உயிருள்ள சதை வெட்டுப்பட்டால் சுருங்கி விரியும், ரத்தம் பரவி உறையும். செத்த உடலை வெட்டினால் சதை வெளுத்து இருக்கும், ரத்தம் பாயாது.

தூக்கு மாட்டிக்கொண்டவனா, பிறர் கழுத்தை நெரித்தார்களா? தானே தொங்கினால் கயிற்றின் தடம் காதுகளின் பின்னால் மேல்நோக்கி ஏறும், பின்கழுத்தில் ஒன்றோடொன்று சேராது. நெரித்தால் தடம் கழுத்தைச் சுற்றி வரும்.

தண்ணீரில் கிடைத்த பிணமா? வாயிலும் மூக்கிலும் நுரை இருக்கிறதா, நகக்கண்ணில் மண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தலைமயிரை விலக்கி உச்சியைப் பார்க்கவும் அவர் மறக்கவில்லை. ஆணியை அடித்துக் கொன்றுவிட்டு மயிரால் மறைத்துவிடுவார்கள் கொடியவர்கள்!

நாற்றத்துக்கு என்ன செய்வது? அதற்கும் வழி சொன்னார். மூக்கில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளலாம். வாயில் ஒரு துண்டு இஞ்சியை அடக்கிக்கொள்ளலாம். வாசனை மருந்துகளைக் கொளுத்திப் புகை போடலாம். வேலை முடிந்தபின் கரி நெருப்பில் காடி தெளித்து அந்த ஆவியைத் தாண்டி வரலாம். ஆனால் நாற்றத்துக்கு அஞ்சி விலகி நிற்க மட்டும் கூடாது.

அவர் தவறிய இடங்கள்

அந்த நூலில் உள்ளது எல்லாமே சரியா? இல்லை.

ஆணின் எலும்பு வெள்ளை, பெண்ணின் எலும்பு கறுப்பு என்று எழுதியிருக்கிறது. இது தவறு. மனித உடலில் 365 எலும்புகள் என்று எழுதியிருக்கிறது. வளர்ந்த மனிதனுக்கு உள்ளவை 206தான். எலும்பின் மேல் ஒருவனுடைய ரத்தத்தைச் சொட்டவிட்டு, அது உள்ளே இறங்கினால் இறந்தவர் அவனுக்குத் தாய் அல்லது தகப்பன் என்று அறியலாம் என்றும் இருக்கிறது. இதுவும் தவறு. இந்தச் சோதனையால் பின்னால் எத்தனை குடும்பங்கள் வீணாகக் கலங்கினவோ!

தவறுக்குக் காரணம் உண்டு. சீன வழக்கப்படி பிணத்தை அறுத்துப் பார்ப்பதில்லை. வெளியிலிருந்துதான் பார்க்க வேண்டும். நீதிமன்றத்துக்காகப் பிணத்தை அறுத்துச் சோதிப்பது இத்தாலி தேசத்தின் போலோனா நகரத்தில் 1302இல் நடந்தது. சோங் சி நூல் எழுதி 55 வருஷங்களுக்குப் பிறகு! உள்ளே பார்க்க முடியாதவர் வெளியில் தெரிந்ததை மட்டும் வைத்து இவ்வளவு கண்டார்.

இன்னொரு விஷயம் முக்கியமானது. தமது நூல் முடிந்த முடிவு என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. தாம் அறியாத விஷயத்தைக் கண்டவர்களோ கேட்டவர்களோ ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அனுப்ப வேண்டும், நூலில் சேர்த்துக்கொள்ளலாம் என்று முன்னுரையிலேயே வேண்டிக்கொண்டார். வழக்கு விஷயத்தில் திரும்பத் திரும்ப ஆராய்வதைத் தவிரத் தமக்கு வேறு திறமை இல்லை என்றும் எழுதினார். அவசரப்பட்டு முடிவு செய்தால் இறந்தவரின் உடலை வீணாக அலைக்கழித்த பாவம் வருமே என்று அஞ்சினார். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் அந்தப் பணிவுதான் அவர் சொல்லிக் கொடுத்த பாடங்களில் பெரிய பாடம்.

கடைசி நாட்கள்

1249இல் அவருக்குக் குவாங்சௌ நகரத்தில் உயர்ந்த பதவி கிடைத்தது. தகப்பனார் ஒரு காலத்தில் வேலை பார்த்த அதே நகரம். அங்கேயே அதே ஆண்டில் அவர் காலமானார். அவர் உடல் சொந்த ஊரான ஜியான்யாங் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

லியு கெசுவாங் என்ற கவிஞர் அவருடைய நண்பர். சமாதிக்கான வாசகத்தை எழுதியவர் அவரே. இவ்வளவு பெரிய பதவி வகித்தவர் வீட்டில் நகை இல்லை, லாயத்தில் உயர்ந்த ரகக் குதிரை இல்லை என்று அதிலிருந்து தெரிகிறது. மீன் சாறும் சோறும் உண்டு, பழைய அங்கியை உடுத்தி வாழ்ந்தவர் சோங் சி.

அவர் இறந்து முப்பது வருஷத்தில் சோங் வம்சமே அழிந்துவிட்டது. 1279இல் மங்கோலியர் சீனா முழுவதையும் பிடித்துக்கொண்டார்கள். அரண்மனை போயிற்று, அரசர் போனார். புத்தகம் மட்டும் போகவில்லை! அடுத்து வந்த அரசுகளும் அதை வைத்துக்கொண்டன. பலர் அதில் புதுக் குறிப்புகள் சேர்த்தார்கள். 1694இல் சீன சர்க்கார் திருத்திய பதிப்பு ஒன்றை வெளியிட்டது. அதை ஆதாரமாகக் கொண்ட நூல்கள் கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் போயின.

1863இல் டச்சு மொழியில் ஒரு மொழிபெயர்ப்பு வந்தது. 1873இல் ஹெர்பர்ட் கைல்ஸ் என்ற ஆங்கிலேயர் சீனாவின் நிங்போ நகரத்தில் இருந்தார். மரண விசாரணைக்குப் புறப்படும் அதிகாரிகள் ஒரு புத்தகத்தைக் கூடவே எடுத்துச் செல்வதை அவர் கவனித்தார். சோங் சியின் வழிவந்த நூல்தான் அது. எழுதி அறுநூறு வருஷங்களுக்கு மேல் ஆகியும் அது பல்லக்கில் பிரயாணம் செய்துகொண்டிருந்தது! கைல்ஸ் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

இன்று மரண விசாரணைக்கு நுண்ணோக்கி உண்டு, ரசாயனச் சோதனை உண்டு, மரபணுச் சோதனை உண்டு. பிணத்தை அறுத்துப் பார்க்கத் தேர்ந்த டாக்டர்கள் உண்டு. சோங் சி கனவிலும் காணாத கருவிகள் அவை. ஆனால் வேலையின் அடிப்படை மாறவில்லை. சீக்கிரம் போக வேண்டும். கிட்டே நின்று பார்க்க வேண்டும். வெயிலையும் குளிரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பிறர் சொன்னதை நம்பி எழுதக் கூடாது. சந்தேகம் இருந்தால் மறுபடியும் பார்க்க வேண்டும்.

போன உயிரை யாராலும் திருப்பித் தர முடியாது. ஆனால் பிணம் சொல்லும் சாட்சியைச் சரியாகக் கேட்டால், போகவிருந்த ஓர் உயிரைத் தடுத்து நிறுத்தலாம். செத்தவரைப் பிழைக்க வைக்கும் மருந்துக்குச் சமமான பயனை இந்த நூல் தர வேண்டும் என்று சோங் சி ஆசைப்பட்டார். செய்யாத குற்றத்துக்காகச் சிறையில் கிடந்து, கடைசி நேரத்தில் விடுதலையாகி வீடு திரும்பிய ஒருவனைக் கண்ட குடும்பத்துக்குத் தெரியும், அந்த ஆசை பொய்யாகவில்லை என்று.